நினைவில் இல்லாத ஐந்து நட்டுகள்

சர்வீஸ் அட்வைசர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். நான் ஒரு மணி நேரத்தில் முடிக்க மாட்டேன் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் எழுதியே தந்துவிடுகிறேன். கம்ப்யூட்டரில் ஜாப் கார்டு போடுவது எப்படி, எத்தனை கிலோமீட்டருக்கு எந்த ஆயில் என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு வண்டியைப் பற்றி. அந்த வண்டியை வைத்து நான் செய்த தவறுகளைப் பற்றியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், நீங்கள் இப்போது நிற்கிற அதே ஷெட்டில், இருபத்தெட்டு வருடம் இருந்தேன். நாம் பார்க்கிற வண்டிக்குக் கம்பெனி எத்தனை பெயர் வைத்தாலும் ஊரில் ஒரே பெயர்தான், ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக வடிவமைத்த வண்டி இது. போர் முடிந்த பிறகு பாகம் பாகமாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டது. பிறகு இங்கேயே செய்யப்பட்டது. என் சின்ன வயதில் தெருவுக்குள் ஜீப் நுழைந்தால் போலீஸாக இருக்கும், இல்லையென்றால் மின்வாரியமோ தாலுகா ஆபீஸோ. மூன்றில் எதுவாக இருந்தாலும் யாராவது ஒருவர் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவார். அப்படிப்பட்ட வண்டி சர்க்கார் ஏலத்தில் வெளியே வந்து, செங்கல் சூளைக்காரர், மீன் வியாபாரி, ரியல் எஸ்டேட்காரர் என்று கை மாறிக் குடும்ப வண்டி ஆனது. இப்போது ஏசியும் டச் ஸ்க்ரீனுமாக ஐ.டி. பிள்ளைகள் வாங்குகிறார்கள். ஃப்ளாட் வாசலில் இருக்கும் வேகத்தடையைத் தவிர வேறு மேடு ஏறாத ஜீப்புகளையும் பார்த்திருக்கிறேன். அவற்றையும் சிரிக்காமல் பாருங்கள். வாங்கியவருக்கு மனதுக்குள் ஒரு மலை இருக்கிறது, லீவுதான் கிடைக்கவில்லை.

கார் வைத்திருப்பவர் நம்மிடம் மைலேஜ் பற்றிக் கேட்பார். ஜீப் வைத்திருப்பவர் தன் வண்டி எதில் இறங்கி எதில் ஏறியது என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். மழை பெய்தால் கதவு இடுக்கில் தண்ணீர் வருகிறது என்பதைக்கூட, பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேட்டை செய்ததைச் சொல்வது போலச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தக் கதையைக் கேட்க உங்களுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு முதலில் அது இல்லை.

பூந்தமல்லி யூசுப் பாய் கல்யாணங்களுக்கு பிரியாணி செய்பவர். சர்க்கார் ஏலத்தில் எடுத்த நீள ஜீப் ஒன்று வைத்திருந்தார். பின்பக்கம் இரண்டு பெஞ்சு, நடுவில் தேக்சா என்கிற பெரிய பிரியாணிப் பாத்திரங்களை வைக்க இடம். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் வந்து, "பின்னாடி ஒரு சத்தம் வருதும்மா, யாரோ முனகுற மாதிரி கீது" என்றார். எஸ்டேட் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். சத்தம் எதுவும் இல்லை. 'பழைய வண்டி, இயல்பான இரைச்சல்' என்று ஜாப் கார்டில் எழுதி அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஃபோர்மேன் ஆவடியில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். அதிகம் பேச மாட்டார். அந்த ஜாப் கார்டைப் படித்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "பாய் இன்னிக்கு திருநின்றவூருக்குச் சாப்பாடு எடுத்துகினு போறாரு. பின்னாடி பெஞ்சுல ஒக்காந்து போயிட்டு வா" என்றார். தண்டனை என்றுதான் நினைத்தேன். இரண்டு தேக்சாவுக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து போனேன். பாய் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. "சோறு ஒடஞ்சிரும்மா" என்று காரணம் சொன்னார். நெமிலிச்சேரி தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது என் காலுக்கடியில் அந்த முனகல் கேட்டது. பாரம் ஏற்றினால்தான் வருகிற சத்தம். திரும்பி வந்து கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

ஃபோர்மேன் திட்டவில்லை. "வண்டி காலியா வந்து நிக்கும். ஆளு காலியா வரமாட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து யார் வந்தாலும், இந்த வண்டியில் என்ன ஏற்றுவீர்கள், யார் யார் உட்காருவார்கள், எங்கே போவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

இது சின்னத் தவறு. பெரிய தவறுக்கு வருகிறேன்.

ஃபோர்மேன் ஓய்வு பெற்றுப் போய் வெகு காலம் கழித்து நடந்தது இது. எங்கள் ஷெட்டில் அப்போது முதல் கை மெக்கானிக் ஏகாம்பரம். முத்தாபுதுப்பேட்டைக்காரர், ஐம்பது வயது இருக்கும். எஞ்சின் சத்தத்தை ஷெட் தகரத்துக்கு வெளியே நின்று கேட்டே நோய் சொல்வார். அவர் கை வைத்த வண்டியை யாரும் இரண்டாவது முறை பார்க்க மாட்டோம். கோளாறு தொடங்கிய இடமும் அதுதான்.

ஒரு மே மாதக் காலை. யூசுப் பாயின் ஜீப் பிரேக் வேலைக்காக நிற்கிறது. நான்கு சக்கரமும் கழற்றிப் பூட்ட வேண்டும். பத்தரைக்கு வண்டி வேண்டும், ஸ்ரீபெரும்புதூரில் கல்யாணச் சாப்பாடு என்று பாய் சொல்லியிருந்தார். அன்று பிளஸ் டூ ரிசல்ட். ஏகாம்பரத்தின் ஒரே மகள் எழுதியிருந்தாள். காலையிலிருந்து போனைச் சட்டைப் பையில் வைப்பார், எடுப்பார், துடைப்பார், மறுபடி வைப்பார். கடைசிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பேசிவிட்டு எழுந்தவர் ஸ்பேனரை அப்படியே தரையில் போட்டார். ஷெட் முழுக்க ஒவ்வொருவரிடமும் போய் மகளின் மார்க்கைச் சொன்னார். யாரோ ஓடிப்போய்ப் பால்கோவா வாங்கி வந்தார்கள். நானும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

பாய் வந்து நின்றார். வண்டியை வெளியே அனுப்பும் முன் பார்க்க வேண்டியவற்றுக்கு ஒரு தாள் உண்டு. ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து நான் டிக் போட வேண்டும். அன்று வாயில் இனிப்போடு, மேசையில் உட்கார்ந்தபடியே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். 'சக்கர நட்டு' என்ற கட்டத்திலும். வேலை செய்தது ஏகாம்பரம் அல்லவா?

பாய் கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும். ஏகாம்பரம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், பாய் வண்டி. பின்னாடி லெஃப்ட் சக்கரம்."

"என்ன?"

"கையால நட்டு மாட்டுனேன். அது நெனப்பு கீது. எல்லார்கிட்டயும் மார்க்கு சொல்லிட்டு வந்து ஜாக்கிய எறக்குனேன், அதுவும் நெனப்பு கீது. நடுவுல ஸ்பேனர் போட்டு முறுக்குனேனா இல்லியான்னு நெனப்பு வரல."

"முறுக்காமல் இறக்கியிருப்பீர்களா?"

"முப்பது வருசத்துல அப்டி செஞ்சது இல்ல. ஆனா அஞ்சு நட்டையும் முறுக்குனேன்னு என் பொண்ணு மேல சத்தியம் பண்ணுன்னு கேட்டா பண்ண மாட்டேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்க மாட்டேன். கோபத்துக்குப் பின்னாலேயே அந்தத் தாள் ஞாபகம் வந்தது. அவருக்காவது நினைவில்லை. நான் பார்க்கவே இல்லை, அது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

பாயின் போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்த வண்டி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, போன் எங்கே கேட்கும்? வீட்டுக்குப் போட்டேன். மருமகள் எடுத்தாள்.

"மாமா இப்பத்தான் கெளம்புனாங்க மேடம். தேக்சா எல்லாம் ஏத்திகினு போயிட்டாங்க. பசங்க ரெண்டும் நாங்களும் வருவோம்னு அடம் புடிச்சி பின்னாடி ஏறிகினு போயிருக்குதுங்க. இன்னா விஷயம் மேடம்?"

பின்னாடி பெஞ்சு. நான் உட்கார்ந்து போன பெஞ்சு.

அந்த நொடியில் ஒரு முடிவு எடுத்தேன். "ஒன்றும் இல்லைம்மா. சின்ன செக்கப் ஒன்று பாக்கி. மாமா போன் பண்ணினால் ஓரமாக நிறுத்தச் சொல்லு" என்றேன். பெற்றவளைப் பதற வைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அந்த முடிவு சரியா தவறா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மேனேஜரிடம் போய் டெஸ்ட் டிரைவ் வண்டியின் சாவியைக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் இல்லை அவர். எட்டு மாதத்தில் மாற்றலாகி வேறு ஊருக்குப் போக வேண்டியவர், அதுவரை புகார் எதுவும் வரக் கூடாது அவருக்கு.

"கலா, அந்த ஆள் முப்பது வருஷம் செஞ்ச கை. கை தானா முறுக்கியிருக்கும். நடுரோட்டுல நிறுத்தி 'நாங்க மறந்துட்டோமோன்னு சந்தேகம்'னு சொன்னா பூந்தமல்லி பூரா நம்ம பேரு நாறிடும். கல்யாண மண்டபத்துக்கு ஒரு ஆளை அனுப்பு. சாப்பாடு எறக்குறப்ப யாருக்கும் தெரியாம பாத்துட்டு வரட்டும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நெருக்கடியில் உங்களிடம் யாரும் தவறான யோசனை என்று சொல்லி ஒரு யோசனையைத் தர மாட்டார்கள். நியாயமாகத் தெரிகிற யோசனையாகத்தான் வரும். நான் ஒன்றுதான் கேட்டேன்: "மண்டபம் வரை சக்கரம் இருக்குமா சார்?" சாவி மேசைமேல் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

ஏகாம்பரம் பக்கத்தில் ஏறிக்கொள்ள, நான்தான் ஓட்டினேன். பைபாஸில் ஏறி மதுரவாயலில் இறங்கி பூந்தமல்லி சாலையைப் பிடித்தேன். அவர் மடியில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாய்க்குப் போன் போட்டார். சாலையோரம் எங்காவது கூட்டம் கூடியிருந்தால் இருவரும் எட்டிப் பார்ப்போம். வேலப்பன்சாவடியில் ஒரு கூட்டம். தர்பூசணி வண்டி. வெளியே வந்த மூச்சு யாருடையது என்று தெரியவில்லை.

"மேடம்" என்றார் ஒரு முறை. "நான் வாய மூடிகினு இருந்திருந்தா இந்நேரம் இந்தப் பேச்சே இல்ல."

"இருந்திருப்பீர்களா?"

ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பால்கோவா துண்ணுகினே இருந்தேன் மேடம். தொண்டைல எறங்கல."

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான், பாய் நாற்பதைத் தாண்ட மாட்டார். செம்பரம்பாக்கமும் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் நெருங்கும்போதுதான் பாயின் பச்சை ஜீப்பின் முதுகு தெரிந்தது. பின்னால் இரண்டு பிள்ளைகள் தேக்சா மூடியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கையாட்டினார்கள். ஹாரன் அடித்தேன். பாய் கண்ணாடியில் பார்த்து, வழி கேட்கிறேன் என்று நினைத்து ஒதுங்கினார். பக்கத்தில் போய் ஏகாம்பரம் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். பாய் சிரித்தபடி சலாம் வைத்தார். மூன்றாவது முறைதான் புரிந்து, ஒரு டீக்கடைக்கு முன்னால் ஓரங்கட்டினார்.

என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது. "பாய், பின்னாடி சக்கரத்து நட்டை முறுக்கினோமா என்று எங்களுக்குச் சந்தேகம். நான் பார்க்காமலே பார்த்ததாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளை இறக்குங்கள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஏகாம்பரத்தைப் பார்த்தார். பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிக் கீழே விட்டார். ஏகாம்பரம் சக்கரத்துக்கு முன் மண்டி போட்டு முதல் நட்டில் ஸ்பேனரை வைத்து அழுத்தினார். அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒன்றும் அசையவில்லை. மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தார். எல்லா நட்டும் கல்லைப் போல் இறுகியிருந்தன. அவர் கை தானாக முறுக்கித்தான் இருந்தது.

ஏகாம்பரம் அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். டீக்கடைக்காரர் யாருக்கோ மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்தார்.

பாயின் போன் அடித்தது. இப்போது கேட்டது. கல்யாண வீட்டுக்காரர். "வந்துகினே கீறேன், இதோ பத்து நிமிசம்" என்று சொல்லி வைத்துவிட்டு, "நல்லா செஞ்சீங்க" என்றார் எங்களிடம். பாராட்டு இல்லை அது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். அன்று சாப்பாடு தாமதமாகப் போய், மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் வண்டி எடுத்தது, வாடிக்கையாளருக்கு இடைஞ்சல். இரண்டுக்கும் ஆம் என்று பதில் எழுதினேன். மெமோவில் இல்லாத மூன்றாவதையும் சேர்த்து எழுதினேன்: பார்க்காமல் டிக் போட்டது. அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதற்காக வருந்தினேனா என்றால், வருந்தினேன். வீட்டில் உட்கார்ந்து, நட்டு எல்லாம் இறுகித்தானே இருந்தது, எதற்கு இந்த வேலை என்று பல நாள் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து யூசுப் பாய் ஷெட்டுக்கு வந்தார். கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்து எழுந்தேன். உட்காராமலே பேசினார்.

"லேட்டானதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஊட்டுல எங்க மருமவளாண்ட சின்ன செக்கப்புன்னு சொன்னியாமே. ஏம்மா அப்டி சொன்ன?"

"பயந்துவிடுவாள் என்றுதான் பாய்."

"பயந்தா இன்னா? எம் புள்ள கல்யாண சாமான் எடுத்துகினு பைக்ல எனக்கு முன்னாடிதான் போயிகினு இருந்தான். விஷயம் தெரிஞ்சிருந்தா அது அவனுக்கு ஒரு போன் போட்டிருக்கும். நசரத்பேட்டைலியே என்னை நிறுத்தியிருப்பான். நீ தொரத்திகினு வர்ற வரைக்கும் என் பேரப்புள்ளைங்க அந்த வண்டிலதானே ஒக்காந்திருந்துச்சு?"

துரத்திப் போனதை நினைத்து உள்ளுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தேன். அது அங்கேயே இறங்கிவிட்டது. அவள் பயப்படுவாள் என்று நான் சொன்னது பாதி உண்மைதான். நாங்கள் மறந்துவிட்டோம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பது மீதி. தவறைச் சொல்ல வேண்டி வந்தால் யாருக்கு முதலில் தெரிய வேண்டுமோ அவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். அவரிடம் உங்களுக்குத் தெரியாத வழி இருக்கும்.

"மன்னிச்சுக்குங்க பாய்" என்றேன்.

"அத உடு" என்றார். சாவியை என்னிடம் தராமல் நேராக உள்ளே போய் ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தார். "பொண்ணு இன்னா காலேஜ்ல சேருது?" என்று கேட்டது வரை என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு பல வருடம் அந்த வண்டியை வேறு யாரையும் தொட விடவில்லை.

இதற்குள் ஷெட்டில் ஒன்று மாறியிருந்தது. எனக்கு அது உடனே தெரியவில்லை. ஏகாம்பரத்துக்கு என்ன ஆகும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவரை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. நான் கத்தவும் இல்லை. அடுத்த மாதம், முன்பக்க வேலை பார்க்கும் சேகர் என் மேசைக்கு வந்தார். என்னிடம் வருடக்கணக்கில் வணக்கத்துக்கு மேல் பேசாதவர்.

"ஒரு நிமிசம் மேடம். நேத்து போச்சே மாங்காட்டு வண்டி, அந்தப் புது ஜீப்பு. ஸ்டீரிங் கம்பி போல்ட்ட மாத்துனேன். கடைசி முறுக்கு போட்டனான்னு ராத்திரி பூரா யோசன."

கதவை நோக்கி ஒரு காலை வைத்துக்கொண்டே சொன்னார்.

"வண்டி இப்போது எங்கே?" என்று கேட்டேன்.

புதிதாகக் கல்யாணமான ஐ.டி. ஜோடியின் வண்டி அது. வாங்கி நான்கு மாதத்தில் முதல் முறையாக ஏலகிரிக்குக் கிளம்ப இருந்தார்கள். போனில் அந்தப் பெண் எடுத்தாள். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. ஸ்டீரிங்கில் ஒரு போல்ட் சரியாக முறுக்கப்பட்டதா என்று எங்களுக்குச் சந்தேகம், வண்டியை எடுக்காதீர்கள், நாங்கள் அங்கே வருகிறோம் என்று சொன்னேன். அவள் பயந்துதான் போனாள். பயந்து, ஏற்கெனவே சாவியோடு லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்த கணவனை, படிக்கட்டு வழியாக ஓடிப்போய்க் கீழே பிடித்து நிறுத்தினாள்.

சேகர் அவர்கள் பார்க்கிங்கில் படுத்து உள்ளே கையை விட்டார். அந்த போல்ட்டின் நட்டு விரலாலேயே சுழன்றது.

அவர் வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை. வேலையை முடித்து, அவரும் பார்த்து, நானும் குனிந்து என் கையாலேயே பார்த்து, அதற்குப் பிறகு தாளில் டிக் போட்டேன். அந்தப் பெண், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். "நான் கண்டுபிடிக்கலம்மா. இவர் வந்து சொன்னார்" என்றேன். சேகருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கிரீஸ் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். ஏலகிரியில் மழை மூட்டத்துக்கு நடுவே ஜீப் நிற்கிறது. பக்கம் முழுக்கச் செம்மண் தெறித்திருக்கிறது. முன்னால் இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். திங்கட்கிழமை காலை சேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, சிரிக்கிற முகங்களையெல்லாம் ஒதுக்கித் தள்ளி, முன்சக்கரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.